பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவன்

அவெஞ்சர் விமானத்தில் மூன்று பேர் போவார்கள். முன்னால் விமானி. வயிற்றுப் பக்கம் ரேடியோக்காரர். கீழ்ப்புறத்துச் சின்னத் துப்பாக்கியும் அவர் பொறுப்புதான். மூன்றாமவன் விமானத்தின் முதுகில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், வாலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். விமானிக்கு வரப்போவது தெரியும். இவனுக்குத் தெரிவதெல்லாம் விட்டுவிட்டு வந்தது. மாட்டு வண்டியின் பின்பலகையில் காலைத் தொங்கப்போட்டு ஊருக்குப் போனவர்களுக்கு அந்தப் பார்வை பழக்கம். எதிரே வருவது ஒன்றும் கண்ணில் படாது. கடந்த பனைமரம் மட்டும் சிறுத்துக்கொண்டே போகும்.

லாய்ஸ் எட்வர்ட் டீன் 1944ஆம் ஆண்டில் பசிபிக் கடலின் மேல் அப்படித்தான் உட்கார்ந்து பறந்தான். எஸ்ஸெக்ஸ் என்ற அமெரிக்க விமானம்தாங்கிக் கப்பல். அதில் இருந்த 15ஆம் விமானக் குழுவின் டார்பிடோ பிரிவு. நவம்பர் 5ஆம் தேதி மணிலா வளைகுடாவின் மேல் செத்துப்போனான். வயது 23.

அவன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் அவனுடைய அடக்கத்தைத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். கப்பலின் மேல்தளத்தில் நடந்த அதை ஒருவர் படம் பிடித்தார். சில நிமிடங்கள் ஓடும் அந்தப் படத்துண்டு உலகமெல்லாம் சுற்றியிருக்கிறது. நானும் அதன் வழியாகத்தான் அவனிடம் போனேன். போன இடத்தில் ஒரு குறை வந்து ஒட்டிக்கொண்டது. அவன் செத்த பிறகான நிமிடங்கள் அப்படியே நம் கையில் கிடைத்துவிட்டன. அவன் நடந்த, சாப்பிட்ட, கைத்துணியில் எண்ணெயைத் துடைத்த ஒரு நிமிடம்கூட, நான் தேடியவரை, ஓடும் படமாக இல்லை. நின்ற படங்கள் உண்டு. நின்ற படத்தில் சீருடை போட்ட எல்லாப் பையன்களும் ஒன்றாகத்தான் தெரிகிறார்கள்.

பிறந்தது 1921இல், ஓக்லஹோமா மாநிலத்தின் சல்ஃபர் என்ற ஊரில். கந்தக ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர் அது. நோய் தீரும் என்று ஆட்கள் குளிக்க வருவார்கள். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவன். பிறகு குடும்பம் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஆல்டஸுக்குப் போயிற்று. பருத்தியும் கோதுமையும் விளைகிற தட்டையான பூமி. அவன் பள்ளிக்குப் போன வருஷங்கள் விவசாயக் குடும்பங்களுக்குக் கெட்ட காலம். மழை பொய்த்து, உழுத மேல்மண் காற்றோடு எழும்பிப்போய், பிழைப்பைத் தேடிக் கலிஃபோர்னியாப் பக்கம் மூட்டை கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். டீன் பள்ளிப் பையனாக இருந்தபோதே செஞ்சிலுவைச் சங்கத்துக்காக, பண்டிகை நாட்களில் இல்லாதப்பட்ட வீடுகளுக்கு உணவுப் பெட்டி கட்டிக்கொடுத்தவன் என்று அவனைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. அவன் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த தகவல் அதுதான். பதக்கப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை.

அந்த மாநிலத்துக்குக் கடல் கிடையாது. ஆல்டஸிலிருந்து மெக்சிகோ வளைகுடாவின் கரைக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். இருந்தும் 1942 அக்டோபரில் அவன் சேர்ந்தது கடற்படையில். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கடலைக் கண்ணால் காணாத மாநிலங்களிலிருந்து பையன்கள் அந்தப் படையில் வந்து குவிந்த காலம் அது. கடைசியில் கடலே அவனை வைத்துக்கொண்டது என்பதை நினைத்தால் மட்டும் அந்த 700 கிலோமீட்டர் மனசை உறுத்துகிறது.

கடற்படையில் அவன் பதவி விமான இயந்திரப் பணியாளர், இரண்டாம் நிலை. அதாவது முதலில் மெக்கானிக், பிறகுதான் துப்பாக்கிக்காரன். அமெரிக்கக் கடற்படை இந்த வேலைக்கு ஆளெடுத்த முறை அப்படி. விமானத்தின் இன்ஜினைத் தெரிந்தவனே அதன் முதுகில் ஏறிச் சுடவும் கற்றுக்கொண்டான். துப்பாக்கிப் பள்ளிகளில் முதலில் கையில் கொடுப்பது வெறும் வேட்டைத் துப்பாக்கி. வானத்தில் வீசும் களிமண் தட்டுகளைச் சுட வேண்டும். கொஞ்சம் தேறியதும் ஓடுகிற லாரியின் மேல் நின்று அதையே செய்ய வேண்டும். பறக்கும் பொருளைப் பார்த்துச் சுட்டால் படாது, அது போய்ச் சேரப்போகும் இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும் என்பது கைக்குப் பழகுவதற்கு அது. அடுத்தது விமானத்திலிருந்து. இன்னொரு விமானம் நீளமான துணிப்பை ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொருவன் தோட்டா முனையிலும் ஒரு நிறத்தில் சாயம் தடவியிருக்கும். பை கீழே வந்ததும் துணியில் உள்ள ஓட்டைகளை நிறவாரியாக எண்ணி மதிப்பெண் போடுவார்கள். சிவப்பு எத்தனை, நீலம் எத்தனை என்று குனிந்து எண்ணுகிற பயல்களை நினைத்துப் பார்த்தால் அது பள்ளிக்கூடம்தான். சண்டை இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

அவெஞ்சரின் கூண்டுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் டரெட் என்பார்கள். விமானத்தின் வலப்புறம், இறக்கைக்குப் பின்னால், குனிந்து நுழையும் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதன் வழியாக ரேடியோக்காரரின் அறைக்குள் போய், அங்கிருந்து மேலே ஏறி, உடம்பை மடக்கி இருக்கையில் பொருத்திக்கொள்ள வேண்டும். இடத்துக்கு அவ்வளவு நெருக்கடி, பாராசூட் மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. உடம்பில் வார்கள் மட்டும் இருக்கும். மூட்டை கீழே மாட்டியிருக்கும். ஆபத்து என்றால் கூண்டிலிருந்து இறங்கி, மூட்டையை எடுத்து மாட்டி, அந்தச் சின்னக் கதவைத் திறந்து குதிக்க வேண்டும். விமானம் தலைகீழாகிக்கொண்டிருக்கும்போது இதில் எத்தனை வேலையைச் செய்ய முடியும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விமானிக்குத் தலைக்கு மேல் கண்ணாடியைத் தள்ளினால் போதும். அந்தக் கணக்கு மூன்று பேருக்கும் தெரிந்தே இருந்திருக்கும்.

முகத்துக்கு அருகில் ஒற்றை பிரௌனிங் துப்பாக்கி, அரை அங்குலக் குண்டு. கையில் ஒரு பிடி. பிடியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் மின்மோட்டார் கூண்டையே திருப்பும். ஆளும் துப்பாக்கியும் கண்ணாடியும் சேர்ந்து சுற்றும். சொந்த வால் குறுக்கே வந்தால் துப்பாக்கி தானே அடங்கிவிடும். அவசரத்தில் பையன் தன் விமானத்தையே சுட்டுவிடக் கூடாதே என்று யோசித்து வைத்த ஏற்பாடு.

கப்பல் தளத்திலிருந்து கிளம்பும்போது அவன் கண்ணுக்கு முன்னால் தளம் ஓடிப்போய் முடியும். நிற்கிறவர்கள் சின்னதாகி, கப்பலும் சின்னதாகும். எஸ்ஸெக்ஸின் நீளம் 266 மீட்டர். சற்று நேரத்தில் அது கடல் மேல் ஒரு கோடு. திரும்பி இறங்கும்போது விமானத்தின் வால் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தைப் பிடித்ததும் விமானி முன்னால் வாரில் போய் இடிபடுவார். பின்பக்கம் பார்த்திருக்கும் இவனை மட்டும் அதே வேகம் இருக்கையோடு சேர்த்து அழுத்தும். வந்து சேர்ந்துவிட்டோம் என்பது இவனுக்கு முதுகில்தான் தெரியும்.

அந்த வருஷம் அவர்கள் குழு போகாத இடம் குறைவு. மரியானா தீவுகள், பலாவ், ஃபார்மோசா, பிலிப்பைன்ஸ். இந்த இடங்கள் எதுவும் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் வந்திருக்க முடியாது. கடிதத்தை அதிகாரி படிப்பார். எந்தக் கடலில் இருக்கிறோம் என்று எழுதக் கூடாது. பிறகு அதை நுண்படமாக எடுத்து விமானத்தில் அனுப்பி, அமெரிக்காவில் உள்ளங்கை அகலத்தில் அச்சடித்து வீட்டில் கொடுக்கும் ஏற்பாடும் அப்போது இருந்தது. உப்புக்காற்று பட்ட காகிதம் என்று தாய் தடவிப் பார்க்கவும் வழியில்லை. இடமில்லாமல், தேதி மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை நினைப்பது எப்படி என்று ஆல்டஸில் அந்த வருஷம் நிறைய வீடுகள் கற்றுக்கொண்டிருந்தன.

அக்டோபர் 24ஆம் தேதி லெய்ட்டே வளைகுடாச் சண்டை. ஜப்பானின் மிகப்பெரிய போர்க்கப்பல்களில் ஒன்றான முசாஷியை அன்று சிபுயான் கடலில் விமானங்கள் மூழ்கடித்தன. எஸ்ஸெக்ஸின் டார்பிடோ பிரிவும் அந்தத் தாக்குதலில் இருந்தது. அன்றைய சண்டையில் டீனின் காலில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. மருத்துவக் கப்பலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தன் விமானத்தோடு இருந்துகொள்கிறேன் என்று நின்றுவிட்டான்.

இதைத் தேசபக்தி என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. விமானி ராபர்ட் காஸ்க்ரோவ், ரேடியோக்காரர் டிக்பி டென்செக், இவன். மூன்று பேரும் ஒரே இயந்திரத்துக்குள் பறந்து பறந்து பழகியவர்கள். இவன் எழுந்தால் கூண்டு காலியாக இருக்காது. வேறொருவன் வந்து உட்காருவான். நம் வீட்டுத் திண்ணையில் வேறொருவன் உட்கார்ந்தால் வரும் பொறுக்காமை இருக்கிறதே, அதற்குத் தேசம் ஒன்றும் தேவையில்லை. அதோடு, குழுவின் தவணையும் முடிகிற தறுவாயில் இருந்தது. நவம்பர் பாதியில் 15ஆம் விமானக் குழு எஸ்ஸெக்ஸை விட்டு இறங்கியது. இவனுக்கு அதில் பத்து நாள் போல மிச்சம் இருந்தது.

நவம்பர் 5. மணிலா வளைகுடாவில் நாச்சி என்ற ஜப்பானியக் க்ரூசர். பதினொரு நாட்களுக்கு முன் சுரிகாவோ நீரிணையில் தன் பக்கத்துக் கப்பல் ஒன்றோடேயே மோதி முகப்பு சிதைந்து, பழுது பார்க்க அங்கே வந்திருந்த கப்பல் அது. அதைத் தலைமைக் கப்பலாகக் கொண்ட கடற்படைத் தளபதி ஷிமா அன்று கப்பலில் இல்லை. ஒரு கூட்டத்துக்காகக் கரைக்குப் போயிருந்தார். பல அமெரிக்கக் கப்பல்களிலிருந்து விமானங்கள் அலையலையாக வந்தன. காஸ்க்ரோவின் அவெஞ்சர் தாழ இறங்கித் தாக்கியபோது, விமான எதிர்ப்புக் குண்டுகள் இரண்டு நேராகக் கூண்டில் பட்டன. டீன் அந்தக் கணமே போய்விட்டான். உடம்பு என்ன நிலையில் இருந்தது என்பதைச் சில பதிவுகள் விவரிக்கின்றன. நான் எழுதப்போவதில்லை.

விமானமும் கந்தலாகியிருந்தது. அதைக் காஸ்க்ரோவ் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கடல் மேல் ஓட்டிவந்தார். கூண்டுக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில், டென்செக். எனக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் இந்தக் கதை. பின்பக்கம் பார்க்க ஆள் இல்லாத விமானம்; துரத்தி வருகிறவன் இருந்தாலும் சொல்ல ஆள் இல்லை. விமானிக்கும் ரேடியோக்காரருக்கும் இடையே பேசும் கம்பி இருந்தது. என்ன பேசியிருப்பார்கள்? இன்ஜின் வெப்பம், எரிபொருள், திசை. வேறெதுவும் வாயில் வந்திருக்குமென்று தோன்றவில்லை.

இறங்கினார்கள். பொதுவாக இந்த அளவு அடிபட்ட விமானம் தளத்தில் வந்து நின்றால் மெக்கானிக்குகள் பாய்ந்து, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் கடலில் தள்ளுவார்கள். நடுக்கடலில் ஒரு கருவி, ஒரு டயர், ஒரு துப்பாக்கி எல்லாம் பொருள். இந்த விமானத்தில் யாரும் கை வைக்கவில்லை. மருத்துவப் பணியாளர்கள் மேலே ஏறி, அவன் கைரேகையை எடுத்து, அடையாளத் தகட்டைக் கழற்றினார்கள். கூண்டைத் துணியால் மூடினார்கள். அவனை வெளியே எடுக்கவில்லை.

மரியாதைக்காக அப்படிச் செய்தார்கள் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எடுக்கக்கூடிய நிலையில் உடல் இல்லை என்பதே முதல் காரணமாக இருக்க வேண்டும். மரியாதை அதன் பின்னால் வந்து சேர்ந்தது. அதனால் அது குறைந்த மரியாதை ஆகிவிடாது. ஒரு சாமானும் கழற்றாமல் முழு விமானத்தையும் ஒரு பையனுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தவர்கள், போரின் நடுவில் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தவர்கள். அமெரிக்கக் கடற்படையில் தன் விமானத்தோடு இப்படி அடக்கமானதாகப் பதிவில் இருப்பவன் இவன் ஒருவன்தான்.

படத்தில் இருப்பது இனிமேல் நடந்தது. தளம் நிறைய ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கப்பல் பாதிரியார் வாசிக்கிறார். வணக்கம் வைக்கிறார்கள். பிறகு கப்பலின் பின்முனையிலிருந்து விமானத்தைத் தள்ளிவிடுகிறார்கள். அது உடனே மூழ்காது. கப்பல் விட்டுச்சென்ற நுரையில் சற்று மிதக்கும். மேலே இரண்டு அவெஞ்சர்கள் பறந்து கடக்கும். பிறகு போய்விடும். கப்பல் நிற்கவில்லை. போர்க்கடலில் கப்பல் நிற்காது. தளத்தின் பின்முனையில் நின்றவர்களுக்கு அன்று அவனுடைய பார்வை வாய்த்தது. விட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே போவது.

அதே நாளில் நாச்சி உடைந்து மூழ்கியது. அதில் 800 பேருக்கு மேல் செத்தார்கள். டீனைச் சுட்டவர்களும் அநேகமாக அவன் வயதுப் பையன்களாகவே இருந்திருப்பார்கள். அவர்களும் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி பிடித்தவர்கள். அவர்களுக்கு யாரும் தளத்தில் வரிசை கட்டி நிற்கவில்லை, நிற்பதற்குத் தளமும் இல்லை. பக்கத்தில் இருந்த அமெரிக்கக் கப்பல் லெக்ஸிங்டன் மேல் அன்று தற்கொலை விமானம் ஒன்று விழுந்து பலர் செத்தார்கள். அவர்களுடைய அடக்கத்துக்கு உலகம் சுற்றிய படம் இல்லை. ஒரு சாவு நினைவில் நிற்பதற்குக் காமிரா பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

அந்த இருக்கை நமக்கு அவ்வளவு தூரத்துச் சங்கதியும் அல்ல. திருகோணமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் அப்போது சீனன்குடாவில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. டீன் செத்த இரண்டு மாதத்துக்குப் பிறகு, 1945 ஜனவரியில், திருகோணமலையிலிருந்து கிளம்பிய கப்பல்களின் அவெஞ்சர்கள்தான் சுமாத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கின. அங்கே பிடிபட்ட விமான வீரர்கள் ஒன்பது பேர் சிங்கப்பூரில், ஆகஸ்ட் மாதம், போர் முடியும் வேளையில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களிலும் பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரர்கள் உண்டு. துறைமுகத்தின் பச்சை மலைகள் சிறுத்துப்போவதை அவர்கள் கப்பலிலிருந்து பார்த்திருப்பார்கள்.

ஆல்டஸ் வீட்டுக்குத் தந்தி போயிருக்கும். கப்பலின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம், எதிரிக்கு உதவியாகிவிடும் என்று அந்நாளைய கடற்படைத் தந்திகள் கேட்டுக்கொள்ளும். துக்கத்திலும் ஒரு ரகசியத்தைக் காக்கச் சொல்லும் வாக்கியம். வருகிறவர்கள் எங்கே, எப்படி என்று கேட்பார்கள்; பெற்றவர்கள் கடலில் என்று மட்டும் சொல்லலாம்.

மணிலா அமெரிக்கக் கல்லறையில், வட்டமாக நிற்கும் சுவர்களில், காணாமல்போனவர்களும் கடலில் அடக்கமானவர்களுமாக 36,286 பேரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. டீனின் பெயர் அங்கே. பின்னாளில் யாருடைய எலும்பாவது கிடைத்தால் அந்தப் பெயரின் அருகில் சின்ன வெண்கலப் பூ ஒன்றைப் பதிப்பார்கள். இவனுக்கு அந்தப் பூ வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். இவன் தொலையவில்லை, தளம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கப் போனவன்.

எனக்கு ஏக்கம் வேறு ஒன்றின் மேல். எஸ்ஸெக்ஸில் காமிரா இருந்தது, படச்சுருள் இருந்தது, அதைச் சுழற்ற ஆள் இருந்தான். அக்டோபரில் ஏதாவது ஒரு சாதாரணக் காலையில் அவன் அதை அவெஞ்சர்கள் பக்கம் திருப்பியிருக்கலாம். அந்த இன்ஜினுக்குப் பதினான்கு சிலிண்டர். இரவெல்லாம் நின்றால் அடிச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கிவிடும். அப்படியே கிளப்பினால் உடைந்துபோகும். அதனால் கிளப்புவதற்கு முன் இரண்டு மூன்று பேர் சேர்ந்து புரொப்பெல்லர் இலைகளைக் கையால் தள்ளித் தள்ளிச் சுற்ற வேண்டும். மெக்கானிக் டீனுக்கு அது சோற்றுக்கு முந்தின வேலை. ஒரு காலைத் தாங்கி நடந்துகொண்டே அவனும் தோள் கொடுக்கிறான், ஒருவன் எண்ணுகிறான், இன்னொருவன் சீக்கிரம் என்று கத்துகிறான், இன்ஜின் இருமி நீலப் புகையைக் கக்கி ஒரேயடியாகப் பிடித்துக்கொள்கிறது, தொப்பி பறக்கிறது, யாரோ கெட்ட வார்த்தை சொல்கிறார்கள், இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் படத்தை எடுத்திருக்கலாம்.